அதே இடத்தில் அளந்தால்

ஜூன் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய் என்றுதான் கடிதம். ஆறு வருஷமாக உன் ஸ்கேன் அறையில் கழுத்தைக் காட்டி, கூடவே திட்டும் வாங்கி அலுத்துவிட்டது. இந்தத் தடவை நம் தையல் கடைக்குப் பக்கத்திலேயே ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். அங்கிருந்த பெண், "கழுத்து ரத்தக்குழாயில கொழுப்புப் படிவு ஒன்றரை மில்லிமீட்டர்தான் சார், பயப்படாதீங்க" என்றாள். போன வருஷம் இரண்டு புள்ளி எட்டு என்று சொல்லி என்னைப் பாதி சாகடித்தாயே! கொழுப்பு மாத்திரையை நிறுத்திப் பத்து நாளாகிறது. படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துச் சந்தோஷப்படு.

உன் அண்ணன்

ஜூன் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாலு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதனால் இது கூரியரில் வருகிறது.

அந்தப் பெண்மேல் குற்றமில்லை. உன் பழைய படங்கள் அவளிடம் இல்லை. கழுத்து ரத்தக்குழாய் மேலே போய் இரண்டாகப் பிரியும். உன் படிவு தடித்திருப்பது அந்தப் பிரிவில். இந்தப் படம் அதற்கு ஒரு விரற்கடை கீழே எடுத்தது. அங்கே உனக்கு எப்போதும் ஒன்றரைதான். ஒருவருக்குப் போன வருஷம் வயிற்றில் அளவெடுத்து, இந்த வருஷம் மார்பில் நாடாவை வைத்துவிட்டு, "இளைச்சிட்டீங்க" என்று சொல்வாயா?

அந்தப் படிவு உடைந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் கத்தரி பிடிக்கும் கை போய்விடும், அண்ணா. டாக்டரிடம் கேட்டுவிட்டேன், மாத்திரையை இன்றைக்கே ஆரம்பி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வா. கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கச்சி

ஜூன் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ ஸ்கேன் படிக்கச் சேர்ந்தபோது "பெட்டி தள்ளுற வேலைக்கு எதுக்குடி மூணு வருஷம்?" என்று சிரித்தவன் நான். இத்தனை வருஷமும் உன் மேஜையில் கண்ணை மூடிக்கொண்டுதான் படுத்திருந்தேன். முந்தாநாள்தான் திறந்து பார்த்தேன். பழைய படங்களையெல்லாம் திரையில் வைத்துக்கொண்டு, என் தலையைப் போன தடவை மாதிரியே திருப்பச் சொல்லி, கருவியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, அதே இடத்துக்குப் போய் நின்றாயே! முப்பது வருஷமாக நாடா பிடிக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கை எனக்கில்லை.

மூன்று புள்ளி ஒன்று. நீ திட்டவே இல்லை. அளந்து முடித்த கை, என் கழுத்திலிருந்த ஜெல் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தது. பார்த்துவிட்டேன்.

டாக்டர், "இப்போ ஆபரேஷன் வேண்டாம். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க, ஆறு மாசத்துல திரும்பப் பாக்கலாம்" என்றார். மாத்திரையைச் சாக்பீஸ் டப்பாவிலேயே போட்டுவிட்டேன். அதைத் திறக்காமல் எனக்கு வேலை ஓடாது. டிசம்பருக்காகக் காலர் இல்லாத சட்டை ஒன்றும் தைத்தாயிற்று, உன் கைக்கு இடைஞ்சல் இருக்கக்கூடாது.

அன்றைக்குத் திட்டு. வாய் வலிக்கிற வரைக்கும் திட்டு. நீ பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அண்ணன்