எல்லை கேட்காத நஷ்டம்

திருப்பருத்திக்குன்றம்,
10-3-1974

அன்பு மகன் தேவகுமாருக்கு, அப்பா பத்மராஜ் எழுதுவது.

நீ பம்பாயில் இருப்பதாக ஜரிகை வியாபாரி வேலாயுதம் சொன்னார். சரக்கு எடுக்க அங்கே வருகிற அவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் விலாசத்தைக் கேட்கவில்லை.

முதலில் அவசரமான செய்தி. சவுகார்பேட்டை சேட்டிடம் நீ வாங்கிய கடனை முழுவதும் தீர்த்தாயிற்று. முசரவாக்கத்து நிலத்தை விற்றோம். புரோநோட்டு திரும்ப வந்துவிட்டது. உன்னைத் தேடி இனி யாரும் வரமாட்டார்கள். பத்திரத்தில் கையெழுத்திடும்போது உன் அம்மா, "நெலம் போனா போவுது, புள்ள எங்க சாப்புடுதோ" என்றாள்.

தவறு என்னுடையது. முப்பதாயிரத்துக்கு மேல் பொருள் சேர்ப்பதில்லை என்று நாம் இருவரும் கோயிலில் விரதம் எடுத்தோமே, வெள்ளியில் தேஜி விற்கப்போவதாக நீ சொன்னபோது அதைத்தான் நினைத்தேன். நீ விளக்கியபடி தேஜி என்பது, இன்றைய விலைக்கே ஒரு மாதத்துக்குள் வெள்ளி வாங்கிக்கொள்ளும் உரிமையை ஒருவனுக்கு விற்று, அதற்கொரு தொகையை முன்னதாகவே வாங்கிக்கொள்வது. "அந்தத் தொகதாம்பா நமக்கு, அதுக்கு மேல ஒரு பைசா வராது" என்றாய். லாபத்துக்கு எல்லை இருக்கிறது, விரதத்துக்குப் பொருந்துகிறது என்று மகிழ்ந்து சேமநிதியிலிருந்து நாலாயிரம் ஈட்டுப்பணமாகக் கொடுத்தேன். நஷ்டத்துக்கு எல்லை எது என்று கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன்.

பிறகு பழைய பத்திரிகைகளைப் பார்த்து ஒன்பது வருஷ வெள்ளி விலையை எழுதினேன். பல மாதங்கள் நீ ஜெயிப்பாய். ஒரு மாதம் எல்லாவற்றையும் கொண்டுபோகும் என்று தெரிந்தது. கைமுதலில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒரே பேரத்தில் இறங்காதே, தேஜி விற்காதே, வேண்டுமானால் வாங்கு, கொடுத்த தொகையோடு நஷ்டம் நின்றுவிடும் என்று தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பொங்கலன்று மெல்லப் பேச்செடுத்தேன். "வாத்தியார் கணக்கு பள்ளிக்கோடத்தோட சரிப்பா" என்று சிரித்தாய். உன் மனைவி கனகமாலாவும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். தாளைக் கொடுக்கவில்லை. அடுத்த மாதமே வெள்ளி ஏறிவிட்டது. ஏறிய விலைக்கு வாங்கிப் பழைய விலைக்குக் கொடுக்கச் சேட்டிடம் கடன் வாங்கினாய், பிறகு வீட்டில் சொல்லாமல் போய்விட்டாய்.

கனகமாலா எங்களோடுதான் இருக்கிறாள். கோபம் இல்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்துவிடுகிறாள்.

வேலாயுதம் வந்து சொல்வதற்கு முந்தின வாரம், வாலாஜாபாத் தண்டவாளத்தில் ஒரு வாலிபன் என்று பேசிக்கொண்டார்கள். வீட்டில் சொல்லாமல் போய், துணியை விலக்கிப் பார்த்தேன். வேறு யாரோ. அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வரச்சொல்லி வற்புறுத்தவில்லை. பதில் எழுதக் கூச்சமாக இருந்தால் எழுதவும் வேண்டாம். ஒரு கார்டு போடு. எழுதும் பக்கம் வெறுமையாக இருக்கட்டும். எங்கள் விலாசம் மட்டும் உன் கையெழுத்தில் இருந்தால் போதும். அருகன் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அப்பா,
பத்மராஜ்