முதற்சுடர்

15 ஓகஸ்ட், வெள்ளி. நொஷாட்டல், சுவிஸ்.

இன்று வாயைத் திறந்துவிட்டேன். திறந்தது சரிதான்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், எல்லாரும் முசியூ என்று கூப்பிடும் ரெனேவுக்கு நூறு வயது. இரண்டாம் உலகப் போரில், இதே நாளில், பிரான்சின் தென்கரையில் கப்பலிலிருந்து இறங்கிய படையில் இருந்தவர். அதை நினைவுகூரத் தோட்டத்தில் சின்ன நிகழ்வு வைத்தார்கள். நகரசபைக்காரர் மெழுகுவர்த்தி ஏற்றுவாராம். முசியூ பதக்கங்களைக் குத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே பொறுப்பாளர் மதாமிடம் போனேன். "எங்கள் ஈழத்து நினைவுநாளில் முதற்சுடரைச் செத்தவரின் சொந்தக்காரர்தான் ஏற்றுவார். செத்தவர்கள் இவருடைய கூட்டாளிகள். இவர் ஏற்றட்டும்" என்றேன்.

சமையலறைச் சாந்தி அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "உனக்கேன் தேவையில்லாத வேலை? உன்ரை வேலையை இன்னும் நிரந்தரமாக்கேல்லை. பேசாம இரன்."

"வாறதைப் பாப்பம், அக்கா."

மதாமின் முகம் இறுகியது. ஆனாலும் தீப்பெட்டியை என்னிடம் தந்தார். வேலை என்னாகுமோ, அது திங்கட்கிழமைக் கதை.

தீக்குச்சியை உரசி முசியூவின் விரல்களில் வைத்தேன். அவர் கையை நானும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சுடரை ஏற்றிவிட்டு, செத்த கூட்டாளிகள் ஐந்து பேரின் பெயர்களைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் வீட்டில் செத்தது யார்?" என்று கேட்டார்.

ஈழப் போரில் செத்துப்போன என் அண்ணாவின் பெயரைச் சொன்னேன். இந்த ஊரில் அதை உரக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

முசியூ அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார், அன்று தன்னோடு கரையிறங்கிய ஒருவனைக் கூப்பிடுவதுபோல.