அப்பா கடலில் இருக்கிறார்

மார்ச் 4
எஸ்தான்சியா என்ற மீன்பிடி ஊர்க் குடும்பத்துடன் மூன்றாவது காணொளி அழைப்பு. திரையில் குவைத்தில் வீட்டுவேலை செய்யும் மெரிலூ ஒரு கட்டத்தில், ஊரில் இருக்கும் மகள் ஜெஸ்ரீல் இன்னொன்றில், இலோயிலோ நகரத்திலிருந்து நான் மூன்றாவதில். பதினைந்து வயதுப் பெண், சில மாதமாக அம்மாவிடம் வாயே திறப்பதில்லை. அதற்காகத்தான் மெரிலூ என்னிடம் குடும்ப ஆலோசனை கேட்டாள்.

அப்பா எங்கே என்று கேட்டேன். ஜெஸ்ரீல் திரைக்கு வெளியே யாரையோ பார்த்தாள். "கடலுக்குப் போயிருக்காரு" என்றது அங்கிருந்து ஒரு குரல். அப்பாவின் அக்கா நெனிதா! பெண்ணைத் தனியாக உட்கார வையுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? இது ஆலோசனையா, ஊர்க்கூட்டமா?

மார்ச் 11
இன்றும் கடலில்தானாம். திமிங்கிலமா பிடிக்கிறார்?

மார்ச் 12
நெனிதாவே அழைத்தாள். தம்பிக்கு டிசம்பரில் பக்கவாதம். பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாராம்.

"அவ அங்க ஒத்தையா கெடக்கா டாக்டரம்மா, கேட்டா தாங்குவாளா? பிள்ளைகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க."

"பிள்ளை ஏன் பேசறதில்லைன்னு நெனைக்கிறீங்க?"

"வயசு அப்படி. எந்நேரமும் போன்."

வந்ததே கோபம்! வெளிநாட்டில் இருப்பவர்களிடம் நோயையும் சாவையும் மறைப்பதற்கு இங்கே பாசம் என்று பெயர். பணம் அனுப்ப மெரிலூவுக்குத் தெம்பு உண்டு. புருஷன் படுத்துக் கிடப்பதைக் கேட்க இல்லையாம். வாயைத் திறந்தால் பொய் சொல்ல வேண்டும் — அந்தப் பெண் வேறு என்னதான் செய்வாள்? அடுத்த அழைப்புக்குள் நீங்களே சொல்லிவிடுங்கள், பொய்க்கு நான் துணை நிற்கமாட்டேன் என்றேன்.

மார்ச் 17
சொல்லவில்லை. தவக்காலமாம், ஈஸ்டர் முடியட்டுமாம்! பொய் சொல்ல மட்டும் தவக்காலம் ஆகுமா?

மார்ச் 18
"அப்பா கரைக்கு வந்துட்டாராடி?" என்றாள் மெரிலூ. நான் வாயெடுப்பதற்குள் ஜெஸ்ரீல் எழுந்துவிட்டாள். படம் ஆடியது. "ஏய், எங்கடி போற!" என்று நெனிதா கத்தினாள். திரைச்சீலை விலகியது. கட்டில், ஒரு பக்கம் கோணிய வாய்.

"மா, அப்பா இங்கதான் இருக்காரு. டிசம்பர்லேருந்து."

மெரிலூ அவரையே பார்த்தாள். "சாப்பிட்டியா?" என்று மெல்லக் கேட்டாள். பிறகுதான் வெடித்தாள். "எல்லாரும் சேந்து என்னை முட்டாளாக்கிட்டீங்களா?"

நான் கேமராவை அணைத்துவிட்டு அழுதேன்.

மே 6
இன்று திரையில் இரண்டே கட்டங்கள். மகளின் பக்கத்தில் ஊர் திரும்பிவிட்ட மெரிலூ, பின்னால் நாற்காலியில் அவர். அடுப்படியிலிருந்து, "நான் இங்க இல்லவே இல்ல டாக்டரம்மா!" என்று நெனிதா. அவள்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஜெஸ்ரீல் அழைப்பு முடியும்வரை அம்மாவிடம் சண்டை போட்டாள். எனக்குப் பேச இடமே கிடைக்கவில்லை.