பலகையில் இல்லாத நோட்டீஸ்

லாயாங் லாயாங்,
ஞாயிறு

அன்புள்ள மீனலோசனி அக்காவுக்கு, அங்கம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மெல்பர்னில் இப்போது குளிர் என்று பேத்தி ஆட்ரி சொன்னாள். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

ஆட்ரி மாநிலப் பெண்கள் அணியில் கோல் கீப்பர் ஆகிவிட்டாள். மகள் வயிற்றுப் பேத்திதான், ஆனால் கை நீளம் அப்படியே அவள் தாத்தாவுடையது. இந்த ஊரில் நான் இதைச் சொல்லாத கடை கிடையாது.

நம் அணி முதலாளி ஜெயபாலன் போன வாரம் இறந்துபோன செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். நேற்று பாலாய் ராயா மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அணியின் லாயாங் ரோவர்ஸ் ரசிகர்கள் மூன்று பஸ்ஸில் வந்தார்கள், பாதிப் பேர் ஜொகூர் பாருக்காரர்கள். எல்லாரும் நீலச் சட்டை. நம்முடைய பழைய பச்சைச் சட்டையில் ஒருத்தரும் இல்லை.

நல்லது செய்தார், நான் மறுக்கவில்லை. வெறுங்காலோடு ஆடிய தோட்டத்துப் பையன்களுக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். மெர்சிங்கில் கோப்பை ஜெயித்த அன்று, சட்டை துவைக்கிறவள் என்று எனக்கும் ஒரு மாலை போட்டார். ஆனால் நேற்று ஒவ்வொருவரும் பேசியதைக் கேட்டால், அவர் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் யாரும் பந்தையே பார்த்ததில்லை என்று தோன்றும்.

ரசிகர் மன்றத் தலைவர் ரூபேந்திரன் மைக்கைப் பிடித்து, நம் திடலுக்கு முதலாளி பெயரை வைக்கப்போகிறோம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். "மூத்த ரசிகை, அங்கம்மா பாட்டி ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் அந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் சொன்னேன். அன்று என் வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே போய்த் திடலுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். பதினோரு பச்சைச் சட்டையை இஸ்திரி போட்டு நான் கூடையில் கொண்டுபோனேன். ஐந்து மணி ஆட்டத்துக்கு முந்நூறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். நம்ம ஊர்ப் பையன்கள் ஏழு பேர் சட்டையை மாட்டி, பூட்ஸ் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஆறரை மணிக்குத்தான் யாருக்கோ போன் வந்தது. அணி ஜொகூர் பாருவில் நீலச் சட்டையோடு ஆடிக்கொண்டிருக்கிறதாம். முதலாளி அணியை அங்கே மாற்றிவிட்டாராம், இனிமேல் அங்கேதானாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் கோல் வலையை அவிழ்த்து மடித்து என் கையில் கொடுத்தார். சாகும்வரை அந்தப் பக்கம் போகவில்லை. "அந்தத் திடலுக்குத் தாராளமா முதலாளி பேரை வைங்க, அதோட இதையும் சேர்த்து எழுதி வைங்க" என்றேன்.

அப்புறம் ரூபேந்திரன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அட அலமாக், என்ன பாட்டி, இறந்தவரப் பத்தி இப்படியா பேசுவாங்க? அணி மாறுதுன்னு அன்னிக்கே நோட்டீஸ் போட்டாச்சு லா. செக்ரட்டரி சிவசம்பு சார் கைப்பட எழுதின நகல் ஃபைல்ல இருக்கு. பாட்டி அஞ்சாம் வகுப்பு, பாவம், கண்ணுல பட்டாலும் புரிஞ்சிருக்காது."

எல்லாரும் சிரித்தார்கள் அக்கா. முன்வரிசையில் ஆட்ரி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். ஆனால் திடல் கொட்டகையில் இருந்த அந்த அறிவிப்புப் பலகையை நான் ஒரு நாளும் படிக்காமல் தாண்டியதில்லை. உங்கள் வீட்டுக்காரர் சிவசம்பு சார் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், தமிழிலும் மலாயிலும் எழுதுவார். அந்த வாரம் பலகையில் இருந்தது கோயில் சிரமதான அறிவிப்பு ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஆட்ரி, "பாட்டி, உண்மையிலேயே நோட்டீஸ் இல்லையா, இல்ல நீங்க பாக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர்கள் சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

நகல் இருக்கிறது என்றால் சிவசம்பு சார் எழுதித்தான் இருப்பார். கொண்டுவந்து ஒட்டத்தான் மனசு வந்திருக்காது. ஊர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்திருப்பார். அவரும் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் பெயரை நேற்று நான் வாயில் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

அக்கா, பதினோரு வருஷம் நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தோம். காய்ச்சலோடுகூட வந்திருக்கிறீர்கள். அந்தச் சனிக்கிழமை மட்டும் தலைவலி என்று சொல்லி அனுப்பினீர்கள். நான் திடலிலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லி அழுதேன். நீங்கள் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இத்தனை வருஷம் நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கப்போவதில்லை.

திடலுக்கு யார் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். நோட்டீஸ் ஒட்டவில்லை என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். ரூபேந்திரனுக்கு வேண்டாம், கூட்டத்தில் படிக்கவும் மாட்டேன். ஆட்ரியிடம் காட்டிவிட்டு, நீங்கள் சொன்னால் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் யார் முன்னாலும் தலை குனியாமல் வாழட்டும். என் பேத்திக்கும் அது வேண்டும் அக்கா.

இப்படிக்கு,
தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்
அங்கம்மா தங்கராஜு