மாணிக்கம் அண்ணனுக்கு ஓட்டுக் கேட்ட நாட்கள்

21, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மஸ்கெலியா டவுனே பனிக்குள். கடை திறந்து மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். கலியாண வீட்டு ஜாக்கெட்டுகள் பாக்கி. இந்தத் தேர்தல் முடிவதற்குள் வாடிக்கையாளர்கள் என்னை அடிக்கப் போகிறார்கள்.

பத்து மணி போல எதிர்க் கடை நவ்ஷாத் நானா வந்தார். ஹார்ட்வெயார் கடைக்காரர், டவுன் வட்டாரத்துக்கு எங்கள் கட்சி வேட்பாளர். கையில் போன்.

"தங்கச்சி, இதப் பாத்தீங்களா?"

நேற்று பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் மாணிக்கம் அண்ணன் (இனி மா.) பேசியதை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். நான் என் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த நேரம். பேச்சு இதுதான்: "வெளிநாட்டுக்குப் போற பொம்பளைங்களாலதான் லயத்துல குடும்பமெல்லாம் சீரழியுது. அங்க போயி அவளுக என்னத்தச் செஞ்சி சம்பாதிக்கிறாளுகன்னு யாரு கண்டா?" பிறகு ஒரு சிரிப்பு. கீழே நின்ற ஆம்பளைகளும் சிரிக்கிறார்கள்.

இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை முடியவில்லை.

மா.வின் வேட்புமனு ஏற்கப்பட்டுவிட்டது. ஆளை மாற்ற வழியில்லை. அவர்தான் எங்கள் பெரிய பெயர். ஜெயித்தால் பிரதேச சபைக்குத் தவிசாளர் (சேர்மன்) அவர்தான் என்று எல்லாரும் பேசிவைத்தது. நான் பக்கத்து வட்டார வேட்பாளர், கூடவே கட்சியின் மாதர் அணிச் செயலாளர். ஆக, பெண்கள் கேட்கப் போவது என்னை.

மாலை: ஜாக்கெட் கை ஒன்றை மாற்றித் தைத்துப் பிரித்தேன்.

22, செவ்வாய்

மழை விட்டது. அக்காவைப் பார்க்கத் தேயிலைத் தோட்டத்துக்கு. பிள்ளைக் காம்பராவில் வேலை அவளுக்கு. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. அக்கா குவைத்தில் வருஷக்கணக்கில் இருந்தவள். நான் ஏ.எல். வரை படித்தது, தையல் படித்தது, இந்தக் கடை, எல்லாம் அவள் அங்கே அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்ததில் வந்தது.

பால் போத்தல் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"பாத்தேன். புள்ளைய விட வந்தவளுக காட்டினாளுக."

"நான் கமிட்டில பேசறேன்க்கா."

"என்னன்னு?"

 அவளே சொன்னாள்: "என்னைய மட்டும் சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். எங்க எல்லாரையும் சொல்லிட்டாரு. லெச்சுமி பொழுதுக்கும் சாப்பிடல."

லெச்சுமி கொழுந்து பறிப்பவள். அக்காவோடு ஒரே சமயம் குவைத் போய் வந்தவள்.

மா.வைப் பற்றி நியாயமாகவும் எழுத வேண்டும். மண்சரிவின்போது இடிந்த லயத்து வீட்டு வரிசைக்குள் முதலில் இறங்கியது அவர். மேல் டிவிஷனுக்குத் தண்ணீர் வந்தது அவரால். சிங்களத்தில் அரசாங்கக் கச்சேரி அதிகாரிகளோடு மல்லுக்கட்டி, தோட்டத் தொரையிடம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிற ஆள். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அப்படி இல்லை.

ஆனாலும் அவரை எதிர்த்துப் பேச எனக்குப் பயம் இல்லை. ஏனோ.

24, வியாழன்

ஹட்டன் கட்சி ஆபீஸில் கமிட்டி. பஸ்ஸில் நின்றபடியே போனேன். ஜன்னல் இல்லாத அறை, பிளேன்டீ, மலிபன் மாதிரி ஒரு பிஸ்கட், ஈரக் குடைகள்.

ஒரு பக்கம்: "மாணிக்கத்த மேடையிலயே ஏத்த வேணாம். பேர மட்டும் வச்சிட்டு ஒதுங்குவோம்." இன்னொரு பக்கம்: "அவரு வட்டாரம் போனா சபையே போச்சு." இரண்டும் உண்மை. அதுதான் சங்கடம். கட்சித் தலைவர் தாடையைத் தடவிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ம்."

மா. கடைசி நாற்காலியில். "நான் பொதுவாச் சொன்னேன். யாரு பேரையாவது சொன்னேனா?"

"பேரச் சொல்லாததாலதாண்ணே எல்லாருக்கும் பட்டிருச்சு" என்றேன்.

முறைத்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை.

கடைசியில் தலைவர் என்னிடம் திரும்பினார். "ஞாயித்துக்கிழம கூட்டத்துல நீ அவரு பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்த பேசு. ஒரு பொம்பளப்புள்ள பேசுனா எடுபடும்."

எதிர்பார்த்ததுதான். சொன்னேன்: "பேசறேன் தலைவரே. அதுக்கு முன்ன அண்ணன் பொம்பளைங்க முன்னாடி வந்து பேசட்டும். நீங்களும் வாங்க. அவங்க சொல்றதத்தான் நான் மேடையில சொல்லுவேன்."

தலைவர் பிளேன்டீயைக் குடித்து முடித்தார். பிறகு ஒத்துக்கொண்டார்கள். வேறு வழி இருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வாங்க வேண்டியது: வெள்ளை நூல், கொக்கி, அக்காவுக்கு இருமல் மருந்து.

26, சனி

நல்ல வெயில். மத்தியானக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குத் தலைவரும் மா.வும் வந்தார்கள். பெண்கள் வரிசை கலையவில்லை. ஒருத்தர் நிறுத்துப் போட, அடுத்தவர் கூடையை முன்னால் தள்ள, அவர்கள் பாட்டுக்கு வேலை. வந்தவர்கள் காத்து நின்றார்கள். தலைவர் யாருக்கும் இப்படிக் காத்து நின்று நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் மா. தொண்டையைச் செருமினார். "யாரு மனசாவது புண்பட்டிருந்தா, வருத்தப்படறேன்."

"பட்டிருந்தாவா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

லெச்சுமி முன்னால் வந்தாள். கொழுந்துச் சாயம் படிந்த விரல்களை இடுப்பில் கட்டிய படங்கில் துடைத்தபடி. சத்தம் போடவில்லை. "அங்க நான் அவங்க புள்ளைகள வளத்தேன். குளிப்பாட்டினேன், சோறூட்டினேன், காய்ச்சல்னா கூடவே கெடந்தேன். என் மக இங்க நான் இல்லாம வளந்துச்சு. போன்ல அம்மான்னு சொல்லும், மொகம் தெரியாது. இதுல எதைங்க சீரழிவுங்கறீங்க? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

   மா.வின் முகம் கருத்துப்போயிற்று. "தப்புதான்" என்றார் தரையைப் பார்த்து. "பேசியிருக்கப்படாது."

அத்தோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. லெச்சுமிதான் மறுபடி: "நீங்க தண்ணி கொண்டாந்தீங்க, மறக்கல. மெம்பரா வாங்க, ஓட்டுப் போடுறோம். சேர்மன் நாற்காலில ஒக்காராதீங்க. எங்களப் பாத்துச் சிரிச்ச வாயி அங்க இருந்து பேசக்கூடாது."

"ஆமா" என்று வரிசை முழுக்க.

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

தலைவர் எல்லாரையும் பார்த்தார். ஓட்டுகளை எண்ணியிருப்பார். "சரி. வார்த்த குடுக்கறேன். சேர்மன் வேற ஆளு."

மா. வேனை நோக்கி நடந்தார்.

27, ஞாயிறு

கூட்டம். பேனர், பட்டாசு, மைக் இரைச்சல். நான் பேசியது கொஞ்சம்தான். மா. செய்த வேலைகளைச் சொன்னேன். அவர் சொன்னது தப்பு, அவரே ஒத்துக்கொண்டார் என்றேன். பிறகு: "நம்ம தலைவர் நேத்து தோட்டத்துப் பொம்பளைங்ககிட்ட வார்த்த குடுத்திருக்காரு. மாணிக்கம் அண்ணன் மெம்பரா இருப்பாரு. சேர்மனா வர மாட்டாரு."

தலைவர் இதை மேடையில் எதிர்பார்க்கவில்லை. சிரித்தபடியே இருந்தார், கண் மட்டும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கமிருந்து கைதட்டல், விசில் கூட. யார் அது விசில் அடித்தது?

இறங்கும்போது மா. என் காதருகே: "கெட்டிக்காரிதான் நீ." பாராட்டா, திட்டா? இரண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

6, செவ்வாய்

ஓட்டு. ஸ்கூலில் காலையிலேயே வரிசை. அக்கா நீலச் சேலை கட்டி வந்தாள். விரலில் மை. அவள் வட்டாரம் மா.வுடையது. "யாருக்குக்கா?" என்று கேட்டேன். "ஒனக்கெதுக்கு?" என்றாள்.

7, புதன்

ஜெயித்தேன்! கொஞ்ச வித்தியாசம்தான். இருந்தாலும் ஜெயித்தேன். நவ்ஷாத் நானாவும். மா. பெரிய வித்தியாசத்தில். ஆனால் சபையில் எங்களுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. எதிர்க்கட்சியும் ஏறத்தாழ எங்கள் அளவு. தவிசாளரை உறுப்பினர்கள் கை தூக்கித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கை கூடினாலும் குறைந்தாலும் மாறும்.

கடையில் யாரோ மாலை போட்டுவிட்டுப் போனார்கள். மாலையோடே பட்டன் வைத்தேன்.

30, வெள்ளி

காற்று. தகரம் படபடக்கிறது. தலைவர் ஹட்டனுக்கு வரச் சொன்னார். போனேன்.

"மாணிக்கம்தான் சேர்மன். முடிவு பண்ணியாச்சு."

"வார்த்த குடுத்தீங்களே தலைவரே."

"எலெக்ஷனுக்கு முன்ன சொன்னதும்மா அது. அவரு அளவுக்கு ஓட்டு எடுத்தவன் எவன் இருக்கான்? ஒன்னைய வைஸ் சேர்மனாப் போடறேன். போதுமா?"

போதாது என்று சொல்லத் தோன்றவில்லை. அது பேரமாகிவிடும். "அவருக்கு என் கை எழும்பாது" என்றேன்.

"அப்ப கட்சிலயும் இருக்க முடியாது."

"நீங்க நவ்ஷாத் நானாவப் போடுங்க. தூக்கறேன். யாரையாவது போடுங்க. இவரு மட்டும் வேணாம்."

போன் வந்தது அவருக்கு. பேசிக்கொண்டே கையால் கதவைக் காட்டினார்.

திரும்பி வந்து நானாவிடம் சொன்னேன். அவர் ஒருவருக்குச் சீமெந்து நிறுத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டார். "அல்லாஹ் இருக்கான் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். அவர் எந்தப் பக்கம் என்று புரியவில்லை. கேட்கவும் இல்லை.

இரவு வெகுநேரம் தைத்தேன்.   

1, ஞாயிறு

மா. கடைக்கே வந்தார். தனியாக. டீ வரவழைத்தேன், தொடவில்லை.

"நெசமாவே கை தூக்க மாட்டியா?"

"மாட்டேண்ணே."

"தப்புன்னு சொன்னேன்ல? எல்லாரு முன்னாடியும் தலகுனிஞ்சி சொன்னேன்ல?"

"சொன்னீங்க. அதுக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க. நாற்காலி வேணாம்னுதான் அவங்க கேட்டது."

"இந்தப் பக்கம் ரோடு போட்டது யாரு?"

"நீங்கதான். அதுல நடக்கறது நாங்க."

தெருப் பக்கம் திரும்பினார். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைத்துத் தெரிந்தார். "நாப்பது வருசமா இந்த நாற்காலிக்குத்தான் ஓடுறேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. எழுந்து போனார்.

பாவமாக இருந்தது. எழுதிவைக்கிறேன், பாவமாகத்தான் இருந்தது. முடிவு மாறவில்லை.

அக்கா மாலையில்: "கட்சிய விட்டுத் தூக்கிட்டா?" "தைப்பேன்." "அப்பவும் மெம்பர்தானே?" "அதுக்கும் கேஸ் போடுவாங்க." "போடட்டும்" என்றாள், சோற்றில் ரசம் ஊற்றியபடி.

2, திங்கள்

சபையின் முதல் கூட்டம். பளிச்சென்ற காலை. வாசலில் பெண்கள் கூட்டம், அரை நாள் பெயரை, கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். லெச்சுமியும்.

உள்ளே மா.வின் பெயரை முன்மொழிந்தார்கள். எதிர்க்கட்சியிலிருந்து இன்னொரு பெயர். அதிகாரி சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை கேட்டார். மா.வுக்கு ஆதரவாகக் கைகள் எழுந்தன. என் கை எழவில்லை. தலைவர் பார்வையாளர் வரிசையிலிருந்து என்னையே பார்ப்பது தெரிந்தது. நான் நேராக முன்னால் பார்த்தேன்.

பிறகுதான் கவனித்தேன். பக்கத்து நாற்காலியில் நவ்ஷாத் நானாவின் கையும் மேசையிலேயே இருந்தது.

எதிர்க்கட்சிக்காரர் தவிசாளர்.

படிக்கட்டில் தலைவர்: "சபையவே தூக்கிக் குடுத்திட்டியே. ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் வரும்." "வரட்டும் தலைவரே." மா. எங்களைக் கடந்து போனார். நின்று, நானாவை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். 

வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாரு வந்தா?"

"மத்தக் கட்சிக்காரன்" என்றேன்.  என்ன சொல்வார்களோ.

லெச்சுமி யோசித்தாள். "மாணிக்கம் இல்லியே?"

"இல்ல."

"அப்பச் சரி. வந்தவன் வாயத் தொறந்தா அவனயும் பாத்துக்குவோம். வா, பஸ் வந்திருச்சு."