சோப்புத் தண்ணீரில் உன் மகரந்தம்

என் ராஜி,

உனக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். திண்டிவனத்தில், நீ தாவரவியல் நடத்திய அதே கல்லூரியில். செய்தியாளராக ஓரமாக நிற்காமல், உன் அண்ணியாக முன்வரிசையில் உட்கார்ந்தேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மேடையில் பெரிய ஃப்ளெக்ஸ். உன் படத்துக்குப் பக்கத்தில், உடம்பெல்லாம் முள் முளைத்த உருண்டை ஒன்று, உன் தலையைவிடப் பெரிதாக. எனக்குப் பின்னால் ஒரு பெண் கிசுகிசுத்தாள்: "இன்னாடி, மேடத்துக்குக் கொரோனாவா?"

"சும்மா இருடி. அது பூவு தூளாம்."

அது செம்பருத்தியின் மகரந்தம். நீதான் ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் காட்டினாய். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் துளசி, தும்பை, புதினா என்று ஒரே குடும்பத்தைக் கட்டிக்கொண்டு அழுத உனக்கு, வேறொரு குடும்பத்தின் மகரந்தம். இழவு வீட்டில் அடுத்த வீட்டுக்காரியின் படத்துக்கு மாலை போட்டதுபோல.

துறைத் தலைவர் பேசினார். "மகரந்தத்தையே மூச்சாகக் கொண்டவர்" என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார். உன்னைத் 'தூசி மேடம்' என்று மற்றவர்கள் முன்னால் கூப்பிட்டவர் இவர்தானே?

காணை ஏரிக்கரையில் நீ பறித்துவந்த சின்னச் செடியை, அதே குடும்பத்துக்குள் தும்பையின் கிளையில் சேர்த்து, உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயரெழுதியவரும் இவர்தான். வெள்ளைப் பூ, அவருக்கு அது போதும். தும்பையின் மகரந்தத்தில் மூன்று பள்ளம், துளசியில் ஆறு, இதிலும் ஆறு என்றாய் நீ. மகரந்தம் மட்டும் போதாதென்று விதையையும் பார்த்தாய், அதுவும் துளசியின் பக்கமே போனது. அவர் மைக்ராஸ்கோப் அருகே வரவேயில்லை. "பூவப் பாத்தா தெரியலையாம்மா? தூசிய எண்ணிக்கினுதான் கிளை பிரிக்கணுமா?" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். "அண்ணி, அந்தத் தாள மட்டும் திருத்த வெச்சிடுங்க."

கூட்டம் முடிந்ததும் அவரிடம் போனேன். "சார், அந்த ஏரிக்கரைச் செடி. ராஜியோட ஸ்லைடு உங்க லேப்லயே இருக்கு. ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

"துக்க நாளுங்க மேடம். இன்னிக்கு எதுக்கு அதெல்லாம்? டீ சாப்பிடுங்க."

டீயைத் தொடவில்லை. தனியாகவே லேபுக்குப் போனேன். பின்பக்கக் குழாயடியில் ஒரு வாளி, நுரையோடு. ஆய்வக உதவியாளர் அம்மா முந்தானையில் கையைத் துடைத்தார்.

"ராஜி மேடம் கண்ணாடிங்கதாம்மா. பசங்களுக்கு பிராக்டிகலுக்குப் பத்தலியாம். சுடுதண்ணில சோப்பு போட்டு ஊற வெக்கச் சொன்னாரு சாரு. நேத்துலேர்ந்து கழுவிக்கினு இருக்கேன்."

"ஏரிக்கரைச் செடின்னு பேர் ஒட்டின ஸ்லைடு?"

"காயிதம்லாம் மொதல்லியே உரிஞ்சி போச்சிம்மா. எது எதுன்னு கண்டேன்?"

அந்த அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். முன்னால் அழுகை, பின்னால் கழுவல், இரண்டும் துறைத் தலைவர் ஒருவரின் வேலை. இத்தனை வருடத்தில் எத்தனையோ அசிங்கங்களை எழுதியிருக்கிறேன், ராஜி. இதற்கு என்ன தலைப்பு வைப்பது?

அமிலத்தில் கொதிக்கவைத்தாலும் மகரந்தத்தின் ஓடு கரையாது என்பாயே. அப்படியென்றால் சோப்புக்கா கரைந்திருக்கும்? உன் உழைப்பெல்லாம் அந்தக் கட்டடத்தின் பின்பக்கச் சாக்கடையில் முழுசாகக் கிடக்கிறது, பள்ளம் ஒன்றும் குறையாமல். கண்ணாடிகளை மட்டும் பளபளவென்று அடுக்கியிருக்கிறார்கள்.

மறுநாள் காணைக்கு பஸ் ஏறினேன். ஏரிக்கரையில் அந்தச் செடி இருக்கிறது. மொட்டு விட்டிருக்கிறது.

பூத்ததும் பறிப்பேன். விழுப்புரத்தில் இருக்கும் உன் மாணவி புது ஸ்லைடு செய்து தருவதாகச் சொல்லிவிட்டாள். அதை எடுத்துக்கொண்டு போய் அவர் அறையில் உட்காருவேன். அவர் கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைக்கும்வரை எழுந்திருக்கமாட்டேன். எண்ணட்டும், எனக்குக் கேட்கும்படி சத்தமாக, ஆறு வரைக்கும். பிறகு அவர் கையாலேயே தாளைத் திருத்தட்டும்.

உன் அண்ணி