தம்பிக்குக் கேட்ட குரல்

மார்ச் 1, ஞாயிறு

குக்கர் வாஷர் போய்விட்டது. சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம். தம்பி வந்து காத்திருந்தான். அவன் மனைவி இறந்துபோய்ப் பதினாலு மாதம் ஆகிறது. ஞாயிறானால் மதியச் சாப்பாடு என் வீட்டில்தான்.

கை கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். "அக்கா, அவ வர்றா. வாரத்துல ரெண்டு மூணு தடவ."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் சாமி இல்லை என்று முதலில் சொன்னவனே இவன்தான். அம்மா பிரார்த்தனைக்குக் கிளம்பினால், "நான் விசாரிச்சேன்னு சொல்லும்மா" என்பான். நாலு வயது மூத்தவள் நான், இவனோடு வாதாடித் தோற்றுத்தான் கும்பிடுவதை விட்டேன்.

"வந்து என்ன சொல்றா?"

"மழை வருது, துணிய எடுங்கங்கிறா."

"இதச் சொல்லவா அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றா?"

"உயிரோட இருந்தப்பவும் இதத்தானக்கா சொன்னா."

வருவதற்கு முன்னால் ரப்பர் எரிகிற வாசனை அடிக்குமாம். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுமாம். அதைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுபோயிற்று. இருபது வருடமாக ஆஸ்பத்திரியில் இ.இ.ஜி. எடுக்கிறேன். தலையில் ஒயர் ஒட்டி, மூளையில் ஓடுகிற மின்சாரத்தைக் கோடுகளாக்குகிற வேலை. இந்த வாசனையைப் பற்றி வலிப்பு உள்ளவர்கள் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

கெஞ்சிக் கூத்தாடி அவனை எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். பசை தடவி எல்லா ஒயரையும் நானே ஒட்டினேன். பன்னிரண்டாவது நிமிடம் அவன் விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்தன. வாய் சப்புக்கொட்டியது. திரையில், இடது நெற்றிப்பொட்டுப் பக்கத்துக் கோடுகள் எல்லாம் ஒரே தாளத்தில் எழும்பின. வலிப்புதான். சந்தேகமே இல்லை.

நான் திரையைப் பார்த்திருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தேன். அப்படி மலர்ந்த முகத்தைப் பார்த்துப் பதினாலு மாதமாகிறது. அறுபத்தெட்டு வினாடி.

கொஞ்சம் தெளிந்ததும் கேட்டான். "நீயும் கேட்டியாக்கா?"

"இல்லடா."

மார்ச் 9, திங்கள்

டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார், காலையும் இரவும். உயரத்தில் ஏறவே கூடாதாம். லிஃப்ட் மெக்கானிக்கிடம் சொல்கிற பேச்சா இது? எட்டு மாடிப் பள்ளத்துக்கு மேல் நின்று வேலை பார்த்தவனைக் கம்பெனியில் ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"மூளையில மின்சாரம் தாறுமாறா ஓடுதுடா. அவ்வளவுதான் விஷயம்."

"போன் மணி அடிக்கிறதும் மின்சாரந்தான். அதனால கூப்பிடுற ஆள் இல்லன்னு ஆயிடுமா?"

"அப்ப சாமி இருக்குங்கிறியா?"

"சாமியெல்லாம் கெடையாது. அவ வர்றா. எனக்கு அது மட்டுந்தான் தெரியும்."

அந்தப் போன் வாதத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. வேறொரு ஆள் கூப்பிட்டால் நமக்குத் தெரியாத ஒன்றையாவது சொல்லுவார். அவள் சொல்வதெல்லாம் அவனுக்குத் தெரிந்ததுதான். வெயில் கொளுத்துகிற நாளிலும் மழை வருது என்கிறாள். சரியான பதில். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 30, திங்கள்

மூன்று வாரம். வாசனை இல்லை. அவள் வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

"மொதத் தடவ அவ போனப்ப யாரும் என்னக் கேக்கல. இப்ப தெனமும் நானே தண்ணி ஊத்தி, நானே முழுங்கி, நானே அவள அனுப்பி வைக்கணும். நீயா இருந்தா செய்வியா?"

தட்டை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினேன்.

அம்மாவும் இருந்தாள். சாமி நம்பிக்கை உள்ளவள், அவன் பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்தேன். "செத்தவங்க துணி எடுக்கச் சொல்லிக்கிட்டு வரமாட்டாங்கடா. பேசாம மாத்திரையப் போடு" என்றாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அம்மாவும் நானும் ஒரே கட்சி.

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நீ நம்புறத நீ ஒருநாளும் காதால கேட்டதில்லம்மா. நான் கேட்டத நான் நம்பக் கூடாதா?"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் விரல் பொத்தானுக்குப் போனது. மாத்திரையை நிறுத்திவிட்டான்.

தட்டி உலுக்கணும், கத்தணும், டாக்டருக்குப் போன் போடணும் — அவன் சிரித்துக்கொண்டிருந்தான். விட்டுவிட்டேன். முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் கேட்டேன்.

"நாளையிலேர்ந்து போட்டுடுறேன்கா."

நம்பினேனா? நம்பின மாதிரி இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 22, புதன்

விழுந்துட்டான். ஸ்டோர் படிக்கட்டுல. இந்தத் தடவ உடம்பு முழுக்க வலிப்பு. தோள் எலும்பு உடைஞ்சு, நாக்கு கடிபட்டு, சட்டையெல்லாம் ரத்தம். திடீர்னு நிறுத்தினா இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் சொல்றவதானே நான்? மூணு நாளா தெரியும். தெரிஞ்சும் —

மே 17, ஞாயிறு

அம்மா அவன் வீட்டோடு போய்த் தங்கிவிட்டாள். இரண்டு வேளையும் அவள் கையால் மாத்திரை. வாயைத் திறக்கிறான், விழுங்குகிறான். வாதாடுவதே இல்லை.

"ஏதாவது கேக்குதாடா?" என்றேன்.

"கேட்டா உனக்கு சந்தோஷமா, வருத்தமா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்கே தெரியவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

இப்போதெல்லாம் ஞாயிற்றுச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான். காலையில் அம்மாவோடு அவனும் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகிறான். இது நாலாவது வாரம். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கத் தோள் இன்னும் ஒத்துழைக்கவில்லை. அதனால் நான்தான் காரில் கொண்டுவிடுகிறேன். நான்!

இன்றைக்கு வண்டியில் கேட்டே விட்டேன். "அங்க போனா அவ குரல் கேக்குதா?"

"இல்லக்கா. அங்க யாருக்கும் எதுவும் கேக்குற மாதிரி தெரியல. கேக்காமலே எல்லாரும் உக்காந்திருக்காங்க. நானும் போயி உக்காந்துக்கிறேன்."

பின்சீட்டில் அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஒற்றைக் கையால் சிரமப்பட்டுச் செருப்பைக் கழற்றினான். "நீயும் வாயேன்."

"வேணாம்டா."

"சரி. அப்ப எங்க செருப்பப் பாத்துக்க."

ஒன்றேகால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.